நடந்தும் ஏன் குறையவில்லை? ஒரு கணித ஆசிரியரின் எடைக் கணக்கு

கடந்த மாதம் ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். பழைய மாணவர் ஒருவர் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காமல் மெதுவாகக் கேட்டார்: "என்ன சேர், உடம்புக்கு ஏதும் வருத்தமா? சீனியா? இப்படி உருகிப் போயிட்டீங்களே!"

இப்படிக் கேட்பவர்களில் அவர் பதினைந்தாவது ஆளோ இருபதாவது ஆளோ தெரியாது. எங்கள் ஊரில் ஒருவர் மெலிந்தால் அவருக்கு நோய் வந்துவிட்டது என்று அர்த்தம். கொழுத்தால் வீட்டில் பரக்கத் என்று அர்த்தம். நான் 91 கிலோவாக இருந்த காலத்தில் ஒருவர்கூட எனக்கு என்ன வருத்தம் என்று கேட்டதில்லை. வருத்தம் வாசலில் வந்து நின்றது அப்போதுதான்.

இப்போது நான் 76 கிலோ. எப்படி என்று கேட்பவர்களுக்குப் பள்ளிவாசல் படியில் நின்று சொல்லி முடிக்க ஏலாது. அதனால்தான் எழுதுகிறேன். நான் வைத்தியர் அல்ல, கணிதம் படிப்பிக்கும் ஆசிரியர். ஆகவே இதில் வைத்தியத்தைவிடக் கணக்குத்தான் கூடுதலாக இருக்கும்.

முதலில் வாப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவருக்கு 50 வயதில் சீனி வருத்தம் வந்தது. மாத்திரையை ஒழுங்காகக் குடித்தார், தேத்தண்ணியில் சீனியை மட்டும் விடவில்லை. 58 வயதில் வலது காலின் பெருவிரலை எடுத்தார்கள். அடுத்த வருடம் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். 61 வயதில் மவுத்தானார். கடைசி இரண்டு வருடமும் அவரை ஓட்டோவில் ஏற்றி இறக்கியவன் நான். அந்த இரண்டு வருடத்திலும், வீட்டிலிருந்து முன்னூறு மீற்றர் தூரத்தில் இருக்கும் பள்ளிவாசலுக்கு நானும் மோட்டார் சைக்கிளில்தான் போய் வந்தேன் என்பதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

எனக்கு 47 வயதானபோது சுகாதாரப் பகுதியினர் எமது பாடசாலைக்கு வந்து ஆசிரியர்களைப் பரிசோதித்தார்கள். உயரம் 168 செ.மீ, எடை 91 கிலோ, இடுப்புச் சுற்றளவு 108 செ.மீ. வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் சீனி 114. அளந்த தாதி வயதில் என் மூத்த மகளைவிட இரண்டு மூன்று வருடம்தான் பெரியவராக இருப்பார். "சேர், இன்னும் சீனி வரல்ல. ஆனா வாசலில நிக்குது" என்றார். 100க்குக் கீழே இருந்தால் சாதாரணம், 126ஐத் தொட்டால் நீரிழிவு, இரண்டுக்கும் இடையில் நிற்பவர்கள் எந்தப் பக்கமும் போகலாம் என்று விளங்கப்படுத்தினார்.

உடல் திணிவுச் சுட்டியை நானே கணக்குப் பார்த்தேன். எடையைக் கிலோவில் எடுத்து, மீற்றரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுக்கவேண்டும். எனக்கு 32 வந்தது. 25க்கு மேல் போனால் அதிக எடை என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஆனால் எம்மைப் போன்ற ஆசிய மக்களுக்கு 23லிருந்தே கவனம் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு 2004ஆம் ஆண்டிலேயே சொல்லியிருக்கிறது. அதே எடையில் வெள்ளைக்காரர்களைவிட எமது வயிற்றுக்குள் கொழுப்பு கூடுதலாகச் சேர்கிறது, சீனி வருத்தமும் முந்தி வருகிறது. அதனால் தராசைவிட அளவு நாடாவை நம்புவது நல்லது. தெற்காசிய ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீற்றருக்கும், பெண்களுக்கு 80 செ.மீற்றருக்கும் உள்ளே இருக்கவேண்டும். தையல் நாடா இல்லாத வீடு எங்கள் பக்கத்தில் கிடையாது. ஆனால் அதை வயிற்றைச் சுற்றிப் பிடித்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

அடுத்த நாளே நான் நடக்கத் தொடங்கினேன். நாங்கள் நான்கு பேர், சுபஹ் தொழுதுவிட்டு நேராகக் கடற்கரை வீதிக்குப் போவோம். நாற்பது நிமிடம் நடை. கிழக்குக் கரை வெயில் ஏழு மணிக்கே சுடத் தொடங்கிவிடும் என்பதால் அதற்கு முன் முடித்துவிடுவோம். முடித்துவிட்டுச் சந்தியில் இருக்கும் தேத்தண்ணிக் கடையில் உட்காருவோம். நடந்த களைப்பு, கடல் காற்று, கூட்டாளிமார், சூடான பராட்டா. ஆளுக்கு இரண்டு பராட்டா, பருப்பாணம், அதன்மேல் ஒரு பால் தேத்தண்ணி. மூன்று மாதம் ஒரு நாளும் தவறவில்லை. மூன்று மாதம் முடிந்து பாமசியில் ஏறி நின்று பார்த்தால் 92 கிலோ!

கூட்டாளி ஒருவர் "எங்கட உடம்பு வாகு அப்படித்தான், விடுங்க சேர்" என்று சொல்லி அன்றோடு நடப்பதை நிறுத்திவிட்டார். நானும் நிறுத்தியிருப்பேன். கணக்கு ஏன் பிழைத்தது என்று தெரியாமல் தூங்க முடியாத வியாதி எனக்கு இருப்பதால்தான் தப்பினேன்.

என் எடையுள்ள ஒருவர் நாற்பது நிமிடம் விறுவிறுப்பாக நடந்தால் செலவாவது ஏறத்தாழ 200 கலோரி. ஒரு கிலோ உடற்கொழுப்பு 7,700 கலோரி அளவில் சக்தியைச் சேமித்து வைத்திருக்கிறது. அப்படியென்றால் சாப்பாடு கொஞ்சமும் கூடாமல் நான் தினமும் நடந்தால் 39 நாளைக்கு ஒரு கிலோ குறையும். நல்லதுதான். ஆனால் மாவும் எண்ணெயும் சேர்ந்த ஒரு பராட்டா தனியாகவே அந்த 200ஐத் தாண்டிவிடும். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் 40 கலோரிக்கு மேல், மேசைக்கரண்டி என்றால் 120. நான் கடலோரம் நாற்பது நிமிடம் செலவழித்ததைச் சந்தியில் ஐந்து நிமிடத்தில் இரண்டு மடங்காகத் திருப்பி எடுத்துக்கொண்டிருந்தேன்.

நடை வீண் என்று யாரும் இதைப் பிழையாக விளங்கிக்கொள்ளக் கூடாது. நடையின் வேலை வேறு, அதைப் பின்னால் சொல்கிறேன். எடை குறைவது பெரும்பாலும் சாப்பாட்டுக் கோப்பையில்தான் தீர்மானமாகிறது.

மகளின் பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றை எடுத்து, வாயில் போடும் எல்லாவற்றையும் இரண்டு கிழமை எழுதினேன். எதையும் குறைக்கவில்லை, எழுதியது மட்டும்தான். முதல் அதிர்ச்சி தேத்தண்ணி. ஒரு நாளைக்கு ஆறு கோப்பை: சுபஹுக்கு முன் ஒன்று, கடையில் ஒன்று, பாடசாலையில் இரண்டு, அஸருக்குப் பிறகு ஒன்று, இஷாவுக்குப் பிறகு ஒன்று. ஒவ்வொன்றிலும் மூன்று தேக்கரண்டி சீனி. ஒரு தேக்கரண்டி 5 கிராம் என்றால் நாளைக்கு 90 கிராம், 360 கலோரி. மாதத்துக்கு 2.7 கிலோ சீனியை நான் ஒருவனே குடித்திருக்கிறேன்! உலக சுகாதார நிறுவனம் சொல்லும் நல்ல அளவு நாளைக்கு 25 கிராம், அதாவது ஐந்து தேக்கரண்டி. அதுவும் பிஸ்கட், சோடா, வட்டிலப்பம் எல்லாவற்றையும் சேர்த்து.

சீனியை ஒரே நாளில் விடவில்லை. மூன்றை இரண்டரையாக்கினேன், பிறகு இரண்டு, இப்படி இரண்டு மாதத்தில் பிளேன்டியில் சீனியே இல்லாமல் போனது. நாக்கு பழகிக்கொள்ளும் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். நானும் நம்பவில்லை. இப்போது பிறர் வீட்டில் மூன்று கரண்டி போட்டுத் தந்தால் எனக்குத் தேத்தண்ணியின் ருசியே தெரிவதில்லை. சிலர் சீனியை விட்டுவிட்டுக் கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்டி குடிக்கிறார்கள், தேன் விடுகிறார்கள். கருப்பட்டியும் கிட்டத்தட்ட சீனிதான். உடம்பு அதன் நிறத்தைப் பார்ப்பதில்லை. சோடாப் போத்தல்களைப் பொறுத்தவரை 2016லிருந்து எமது நாட்டில் அவற்றில் நிற அடையாளம் போடவேண்டும். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. அந்த அளவுள்ள 400 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றில் ஒன்பது தேக்கரண்டிச் சீனி இருக்கும். விருந்தாளிக்கு முதலில் நீட்டுவது அதைத்தான்.

இரண்டாவது அதிர்ச்சி சோறு. மகள் கேக் அடிக்கும்போது பாவிக்கும் சிறிய தராசில் என் பகல் கோப்பையை வைத்துப் பார்த்தேன். சோறு மட்டும் 520 கிராம். சமைத்த சோறு 100 கிராமில் ஏறத்தாழ 130 கலோரி. அதாவது ஆணம், மீன், பொரியல் எதுவும் சேராமல் 670க்கும் மேல். இரவில் அதே அளவு இன்னொரு தடவை. நான் சோற்றைப் பாதியாக்கி, கோப்பையின் பாதியை மரக்கறிக்குக் கொடுத்தேன். வல்லாரைச் சுண்டல், கோவா, போஞ்சி, வெள்ளரிக்காய் எது கிடைத்தாலும் சரி. மிச்சக் காலில் மீன் அல்லது பருப்பு. சுண்டலை முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்குப் போனால் பசி பாதி அடங்கியிருக்கும். எங்கள் கரையில் கீரி மீனும் சூடையும் மலிவு, அவற்றைப் பொரிக்காமல் ஆணமாக வைத்தால் எண்ணெய்யும் மிச்சம். சிவப்பரிசி நல்லதுதான், நார்ச்சத்து கூட, பசி தாங்கும். ஆனால் கலோரியில் பெரிய வித்தியாசமில்லை. "சிவப்பரிசிதானே" என்று இரண்டாவது தடவை போடுபவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

கொப்பி என் பக்கம் நிரம்பியபோது மனைவியையும் எழுதச் சொன்னேன். அவருக்கும் எடை 78 கிலோ, முழங்கால் வலி, கடைசிப் பிள்ளையின் கர்ப்பத்தில் சீனி வந்து போனது, அண்மையில் பார்த்தபோது வெறும் வயிற்றில் 118.

"எனக்கு எழுத என்ன இருக்கு? நான் ஒரு நேரமாவது ஒழுங்கா உக்காந்து சாப்பிடுறேனா?" என்றார்.

அது உண்மைதான். காலையில் பிள்ளைகளை அனுப்பும்வரை சாப்பிடமாட்டார். பகலில் எல்லோருக்கும் பிறகு. அப்படியிருந்தும் எடை எப்படிக் கூடியது? இரண்டு நாள் நானே குசினியில் நின்று பார்த்தேன். சின்னவன் வைத்துவிட்டுப் போன அரை முட்டையும் பாணும், மகள் தொட்டுவிட்டு வைத்த இடியப்பம், சட்டியின் அடியில் கிடந்த பொரியல், அஸருக்கு மிஞ்சிய கட்லட் ஒன்று. வீணாக்குவது பாவம் என்று எல்லாம் அவரது வாய்க்குள் போயின. உட்கார்ந்து சாப்பிடாததால் அதை அவர் சாப்பாடாகவே எண்ணவில்லை. நாங்கள் குப்பைக்கூடைக்குப் போகாமல் காப்பாற்றியதையெல்லாம் அவர் தன் உடம்பில் சுமந்துகொண்டிருந்தார். இது எங்கள் வீட்டில் மட்டும் நடப்பதாக நான் நினைக்கவில்லை.

தீர்வு பெரிய விஷயமில்லை. பிள்ளைகளுக்கு முதலில் குறைவாகப் போடுவது, கேட்டால் திரும்பப் போடுவது. மிஞ்சினால் மூடி குளிர்சாதனப் பெட்டியில். மனைவி பகலில் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவது. கடைசியாகச் சொன்னதுதான் கடினமாக இருந்தது. பரிமாறாமல் உட்கார அவருக்கு இரண்டு மாதம் பிடித்தது, நாங்களாகவே எடுத்துப் போட்டுக்கொள்ள எங்களுக்கும் அவ்வளவு காலம் பிடித்தது.

சஹனைப் பற்றிச் சொல்லாமல் எமது எடையைப் பற்றி எழுத முடியாது. ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் சாப்பிடும் அந்தப் பழக்கத்தை நான் நேசிக்கிறேன். ஆனால் சஹனில் யார் எவ்வளவு சாப்பிட்டார் என்பது யாருக்கும் தெரியாது. பக்கத்தில் இருப்பவர் அன்பாக இறைச்சியை எம் பக்கம் தள்ளுவார், நாம் அவர் பக்கம் தள்ளுவோம். வேகமாகச் சாப்பிடுபவரின் வேகத்துக்கு எல்லோரும் இழுபடுவார்கள். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கைத்தான் உணவுக்கு ஒதுக்கவேண்டும் என்ற நபிமொழியை எத்தனையோ பயானில் கேட்டிருக்கிறோம். அதைச் சொன்ன மௌலவியும் நாமும் அதே வலீமாவில் அதே சஹனில்தான் உட்காருகிறோம். நான் இப்போது செய்வது இதுதான்: போகுமுன் வீட்டில் ஒரு கொய்யாவோ பப்பாசித் துண்டோ சாப்பிட்டுவிடுவேன். சஹனில் எனக்கு முன்னால் இருக்கும் பகுதியைத் தாண்டிக் கைபோடுவதில்லை. வட்டிலப்பம் இரண்டு கரண்டி. விருந்துக்குப் போகாமல் இருந்ததில்லை, யாருடைய மனதையும் நோகடித்ததும் இல்லை.

ரமழானில் எடை குறையும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கு ஒவ்வொரு ரமழானிலும் இரண்டு கிலோ கூடியது. தேங்காய்ப்பாலும் இறைச்சியும் சேர்ந்த கஞ்சி, சமோசா, ரோல்ஸ், சர்பத், தராவீஹ் முடிந்து கொத்து, பிறகு ஸஹரில் சோறு. பதினான்கு மணித்தியாலம் பட்டினி கிடந்துவிட்டு மிச்சப் பத்து மணித்தியாலத்தில் ஒன்றரை நாள் சாப்பாடு. சென்ற ரமழானில் பேரீச்சம்பழம் மூன்று, கஞ்சி ஒரு கோப்பை, பொரித்தது வெள்ளிக்கிழமை மட்டும், மஃரிபுக்குப் பிறகு ஒரே ஒரு சாப்பாடு என்று வைத்துக்கொண்டோம். பெருநாளன்று ஒன்றரைக் கிலோ குறைந்திருந்தது.

இனி நடைக்கு வருகிறேன். சாப்பாட்டைக் குறைத்து மட்டும் மெலிந்தால் கொழுப்போடு தசையும் கரையும். நாற்பது வயதுக்குப் பிறகு தசை தானாகவே குறையத் தொடங்குகிறது, போனதைத் திருப்பி எடுப்பது கஷ்டம். இரத்தத்தில் உள்ள சீனியை இழுத்துச் செலவழிப்பதும் பெரும்பாலும் தசைதான். அதனால்தான் ஒரு கிலோ குறையாவிட்டாலும் நடப்பவருக்கு நன்மை உண்டு. கிழமைக்கு 150 நிமிடம் விறுவிறுப்பான நடை, அதோடு இரண்டு நாள் தசைக்கு வேலை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் குறைந்தபட்ச அளவு. விறுவிறுப்பு என்றால் பக்கத்தில் வருபவரோடு கதைக்கலாம், ராகம் போட்டு பைத் படிக்க மூச்சு போதாது, அந்த அளவு. தசைக்கு ஜிம் தேவையில்லை. கதிரையிலிருந்து கை ஊன்றாமல் பத்துத் தடவை எழும்பி உட்காருவதும், சுவரைப் பிடித்துத் தள்ளுவதும், தண்ணீர் நிரப்பிய போத்தலைத் தூக்குவதும் எங்களுக்குப் போதுமாக இருந்தது.

ஆண்களுக்கு வீதி இருக்கிறது. பெண்கள் எங்கே நடப்பது? மனைவி ஆரம்பத்தில் வீட்டுக்குள், வாசலுக்கும் கிணற்றடிக்கும் இடையில் நடந்தார். பிறகு சுபஹுக்குப் பிறகு இருவரும் சேர்ந்து கடற்கரைக்குப் போனோம். முதல் கிழமை ஒருவர் என்னிடமே வந்து, "என்ன சேர், காலையிலேயே பொம்பளைகளக் கூட்டிக்கிட்டு..." என்று இழுத்தார். வாப்பாவின் காலை எடுத்த கதையை அவருக்குச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார், ஒத்துக்கொண்டாரா என்று தெரியாது. இப்போது எங்கள் ஒழுங்கையிலிருந்து மட்டும் ஒன்பது பெண்கள் அபாயாவோடும் சப்பாத்தோடும் நடக்கிறார்கள். ஊர் மைதானத்தில் காலையில் ஒரு மணித்தியாலத்தைப் பெண்களுக்கென ஒதுக்கினால் இன்னும் பலர் வருவார்கள். பள்ளிவாசல் நிர்வாகங்கள் நினைத்தால் இது ஒரு கூட்டத்தில் முடியும் வேலை.

மனைவி ஆறு கிலோ குறைந்தார். ஆறுதானா என்று கேட்கவேண்டாம். அமெரிக்காவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரை வைத்துச் செய்து 2002இல் வெளியிட்ட ஆய்வொன்றில், நீரிழிவின் வாசலில் நின்றவர்கள் உடல் எடையில் 7 வீதத்தைக் குறைத்து கிழமைக்கு 150 நிமிடம் உடற்பயிற்சி செய்வதையே இலக்காக வைத்தார்கள். அவர்களில் நீரிழிவு வருவது 58 வீதத்தால் குறைந்தது. அதே ஆய்வில் மெட்போமின் மாத்திரை குடித்தவர்களுக்குக் குறைந்தது 31 வீதம். 78 கிலோவில் 7 வீதம் ஐந்தரைக் கிலோதான். மனைவியின் சீனி இப்போது 99.

என்னுடையது நேர்கோட்டில் குறையவில்லை. முதல் மூன்று மாதத்தில் ஆறு கிலோ, பிறகு மெதுவாக, 81இல் ஆறு கிழமை அசையவே இல்லை. உடம்பு சிறிதாகும்போது அதன் செலவும் குறைகிறது, அதே சாப்பாடு இப்போது மிச்சமாகிவிடுகிறது. கொப்பியைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோது கச்சான் கொட்டையும் பிஸ்கட்டும் மெதுவாக உள்ளே வந்திருப்பதும் தெரிந்தது. அந்த ஆறு கிழமையில்தான் மச்சான் ஒருவர் வட்ஸ்அப்பில் விற்கும் மெலியும் தேயிலை ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். ஒரு மாதத்தில் பத்துக் கிலோவாம். அப்படிப்பட்டவற்றில் பல வயிற்றோட்டத்தால் தண்ணீரை வெளியேற்றித்தான் தராசை ஏமாற்றுகின்றன. உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று பெட்டியில் எழுதாத ஒன்றை நான் குடிக்கவில்லை.

ஏற்கனவே சீனிக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் என்னைப் பார்த்துத் திடீரெனச் சோற்றைப் பாதியாக்கவேண்டாம். மருந்து அதே அளவில் இருக்க, சாப்பாடு மட்டும் குறைந்தால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கி மயக்கம் வரலாம். முதலில் கிளினிக் வைத்தியரிடம் சொல்லி மருந்தின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். நெஞ்சு வருத்தம் உள்ளவர்கள் நடையைத் தொடங்கவும் அதே அனுமதி வேண்டும். 35 வயதைத் தாண்டியவர்களுக்கு அரச வைத்தியசாலைகளின் ஆரோக்கிய வாழ்க்கை மையங்களில் எடை, பிரஷர், சீனி எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள். ஒரு காலை நேரம் போதும்.

எனது இடுப்பு இன்னும் 93 செ.மீ, உடல் திணிவுச் சுட்டி 27. எனவே கொப்பியை மூடவில்லை. நடந்துவிட்டு நாங்கள் இன்றும் அதே சந்திக் கடையில்தான் உட்காருகிறோம். கடைக்காரர் என்னைக் கண்டதும் உள்ளே பார்த்து "சேருக்கு வெறும் பிளேன்டி" என்று சத்தம் போடுகிறார். நடப்பதை நிறுத்திய கூட்டாளி போன கிழமை திரும்பி வந்திருந்தார். அவருக்கு இன்னும் இரண்டு பராட்டாதான். நான் ஒன்றும் சொல்லவில்லை, பாமசியில் அவரும் ஒருநாள் ஏறி நின்று பார்க்கட்டும்.